உஷார்! கை நிறையச் சம்பளம் வாங்குபவரா? பள்ளிக் கட்டணத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்!

“ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாதா?” இந்த நினைப்பில்தான் ஆபத்தே இருக்கிறது.

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். கணவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, மனைவிக்கு மகிந்திரா சிட்டியில். மாதம் ஒன்றரை லட்சம் வரும். இரண்டு பிள்ளைகளையும் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். ஆளுக்கு வருஷம் ஒரு லட்சம் என்றுதான் பேச்சு. சேர்த்த பிறகு வேன், புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று தனித்தனியாகச் சீட்டு வந்தது. வீட்டு லோன் ஒரு பக்கம், கார் லோன் ஒரு பக்கம். அடுத்த வருஷம் கணவருக்கு ஓ.டி. நின்றது. ஜூன் மாதம் நகை அடகுக்குப் போனது. மீட்பதற்குள் மறு ஜூன் வந்துவிட்டது! கடைசியில் பாதி வருஷத்தில் பள்ளியை மாற்றினார்கள். சிநேகிதிகளை விட்டு வந்த பெரியவள் பல மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பணத்தைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். எல்.கே.ஜி.யில் ஒரு லட்சம், வருஷம் 10 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். பிளஸ் டூவில் அது ஏறக்குறைய மூன்றரை லட்சம். 14 வருஷமும் சேர்ந்தால் சுமார் 28 லட்சம். ஒரு பிள்ளைக்கு மட்டும்!

சம்பளம் நிலைக்கும் என்று யார் சொன்னது? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. மறைமலை நகர் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே இருந்தவர்களும் நல்ல சம்பளக்காரர்கள்தான்.

போனஸையும் ஓ.டி.யையும் நம்பி ஃபீஸ் கட்டுகிறீர்களா? உஷார்! டெர்ம் ஃபீஸுக்கு கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீர்களா? ரொம்ப உஷார்! ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

“நன்கொடை, ரசீது கிடையாது” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நன்கொடை வசூலுக்கு 1992-லேயே சட்டம் தடை போட்டுவிட்டது. 2009 சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது. அந்தக் குழுவின் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் எதற்கு? கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைத் தேர்தலில் சேர்க்கக் கூடாது என்று சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர்!

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அங்கேயே படித்திருக்க வேண்டும். பணம் முடை என்று ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தால் அது கிடைக்காது. மாற்றுவதாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு முடியும்போதே மாற்றிவிடுங்கள்.