‘வில்லங்கம் இல்லை’ என்று வந்த தாளை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகைப் பக்கம் இடம் வாங்குகிறவர்கள் பலர், பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை வில்லங்கச் சான்று (ஈ.சி.) தேடிவிட்டு அட்வான்ஸ் கொடுக்கப் போய்விடுகிறார்கள். கேட்டால், “ஈ.சி. பார்த்தாச்சுங்க” என்கிறார்கள். எந்தப் புல எண் போட்டுப் பார்த்தீர்கள் என்றால் பதில் இல்லை. தேடிக் கொடுத்தவர் புரோக்கர்.

கணினிக்கு உங்கள் இடம் தெரியாது. தட்டிய கிராமம், புல எண், உட்பிரிவு, காலம் ஆகியவற்றுக்குப் பொருந்தும் பதிவுகளைத்தான் அது எடுத்துத் தரும். இன்று 112/2ஏ என்றிருக்கும் இடத்தின் பழைய அடமானம் 112/2 என்ற எண்ணில் கிடக்கலாம். பழைய பத்திரத்தில் புல எண் ஒன்று, இன்றைய பட்டாவில் வேறொன்று. தவறான எண்ணைத் தட்டினாலும் படிவம் 16, ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்துவிடலாம்.

ஆகவே மூலப் பத்திரம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கையும் வைத்து எல்லா எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது முப்பது வருடத்துக்குத் தனித்தனியாகத் தேடுங்கள். கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தில் இருந்ததா என்றும் விசாரியுங்கள். விற்பவர் வாங்கிய பத்திரமே பட்டியலில் இல்லையென்றால், உங்கள் தேடல் தவறாகவோ குறையாகவோ இருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்குச் சார்பதிவாளரிடம் மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டுங்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் யாரும் பார்வையிடலாம். அது உங்கள் உரிமை, யாருடைய தயவும் அல்ல.

சரியாகத் தேடினாலும் உயில் வில்லங்கச் சான்றில் வராது. பதிவு செய்த உயில்கூட மூன்றாம் புத்தகத்தில்தான் இருக்கும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வராது. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

பத்திரம் சரி, அட்டவணையில் மட்டும் எண் தவறு என்றால், பத்திர நகலுடன் சார்பதிவாளரிடம் திருத்த மனுக் கொடுங்கள். பத்திரத்திலேயே தவறென்றால் எழுதிக் கொடுத்தவரை அழைத்துப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். பட்டாவில் தவறென்றால் தாசில்தாரிடம் போங்கள். எங்கு மனுக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்குங்கள். “அப்புறம் வாங்க” என்று வாய்ச்சொல்லில் அனுப்புகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மனுவை வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலை மாவட்டப் பதிவாளருக்கும் போடுங்கள்.

திருத்தம் முடிந்தபின் அதே எண்களில் மறுபடி தேடி, பதிவு வருகிறதா என்று நீங்களே பாருங்கள். அதுவரை அட்வான்ஸ் வேண்டாம்.