அலையேறும் சிறு பலகை

கடலிலிருந்து திரும்பும் படகு கரையேறும் முறையை நீங்கள் ஊன்றிக் கவனித்ததுண்டா? அலை உடையும் வரிசைக்கு அப்பால் படகு சற்றே தயங்கி நிற்கும். பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஓயும்வரை மீனவர் பொறுத்திருப்பர். பின்னர் சிறியதோர் அலையைத் தேர்ந்து, அதன் முதுகிலே தொற்றிக்கொண்டு மணலில் வந்து சேருவர். முல்லைத்தீவிலும் அளம்பிலிலும் செம்மலையிலும் நிகழும் இச்செயலிலே, இன்று நாம் பேசப்புகும் விளையாட்டின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

அவ்விளையாட்டிற்கு வேண்டியது ஒரு சிறு பலகை. நான்கடி நீளம், ஓரடி அகலம், முக்கால் அங்குலக் கனம். அதன்மேல் எழுந்து நிற்பதில்லை. வயிற்றின்கீழ் அதை அணைத்துக்கொண்டு, உடையும் அலையோடு கரைக்கு வழுக்கி வருதலே ஆட்டம். எமது சிறுபிராயத்தில் இதற்கென ஒரு பெயரும் இருக்கவில்லை. எவரோ கைவிட்ட வள்ளத்தின் பலகைத் துண்டு அகப்பட்டால் அன்று மாலை எமக்குத் திருவிழாத்தான்.

அலையுள்ள கரைகளில் வாழ்ந்த மக்கள் பலரும் இதைத் தாமாகவே கண்டுபிடித்திருக்கின்றனர். 1769ஆம் ஆண்டில் கப்டன் குக்குடன் தாகித்தித் தீவிற்குச் சென்ற யோசேப் பாங்ஸ், பழைய ஓடமொன்றின் பின்புறத் துண்டைப் பற்றிக்கொண்டு அத்தீவினர் அலையில் விளையாடியதைத் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஹவாய் மக்கள் இச்சிறு பலகையைப் பைப்போ என்பர். மேற்கு ஆபிரிக்காவின் அக்ராக் கரையில் சிறுவர்கள் இலேசான பலகைகளை வயிற்றின்கீழ் வைத்து அலையேறியதை 1830களில் அங்கு சென்ற பிரித்தானியர் ஒருவர் பதிவுசெய்துள்ளார். துப்பறியும் நவீனங்களால் புகழ்பெற்ற அகதா கிறிஸ்ரி அம்மையாரும் 1922ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் இவ்வாறு விளையாடியவரே. இங்கிலாந்தின் கோர்ண்வால் கரையில் இத்தகைய பலகைகளை முதலில் செய்து கொடுத்தவர் பிரேதப்பெட்டி செய்யும் தச்சர் ஒருவர் என்பர். மெல்லிய பலகை அவரிடந்தானே மிகுதியாக இருந்திருக்கும்!

இவ்வளவு சிறிய பலகை ஓர் ஆளை எவ்வாறு தாங்கும் என்று கேட்கலாம். உண்மையில் அது தாங்குவதில்லை. மேற்கூறிய அளவுள்ள பலகையின் கனவளவு ஏறக்குறைய ஏழு லீற்றர். மிக இலேசான மரமாயினும் சில கிலோவுக்கு மேல் அது மிதக்கவைக்காது. ஆகவே இதனைச் சிறு தெப்பமென்று கருதுதல் தவறு. தெப்பம் மிதப்பினால் நிற்பது. இப்பலகை வேகத்தினால் நிற்பது. தட்டைக் கல்லை நீர்ப்பரப்பில் வீசினால் அது தத்திச் செல்வது போல, ஓடும் பலகையை நீரே கீழிருந்து உந்தித் தாங்குகின்றது.

அந்த வேகத்தை அளிப்பது அலை. ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு மூன்று மீற்றருக்குச் சற்றே கூடுதலாகச் செல்லும். ஏறக்குறைய மணிக்கு பதினொரு கிலோமீற்றர். முக்கால் மீற்றர் உயரமுள்ள அலை ஏறத்தாழ அந்த ஆழத்திற்றான் உடைகின்றது. நீந்தும் சிறுவனோ செக்கனுக்கு ஒரு மீற்றர் செல்வதே பெரிது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே, இடுப்பளவு நீரில் நின்று, அலை இரண்டு பாகத் தூரத்தில் வரும்பொழுது மணலைக் காலால் உதைத்துப் பாய்கின்றோம்.

பலகை செய்யும் மரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். வன்னிக்காடு மரத்திற்குப் பெயர்பெற்றது. ஆனால் அதன் பெருமைக்குரிய மரங்கள் எவையும் இவ்வேலைக்கு உதவா. பாலையும் கருங்காலியும் நீரில் தாழும். முதிரை மிதப்பதும் அரும்பொட்டு. அவற்றாற் செய்த பலகை தலையில் மோதினால் என்னாகுமென்று சொல்லத் தேவையில்லை. வேலியோரத்தில் கதியாலாக நிற்கும் முள்முருக்கு, கலியாண வீட்டுக் கன்னிக்காலாக மட்டுமே நாம் மதிக்கும் மரம், இங்கே முதன்மை பெறுகின்றது. அதன் எடை நீரின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் உட்பட்டது. அறுத்த பலகையை நிழலிலே உலரவைத்துச் சீவுளியால் மட்டமாக்கி, முன்முனையை வட்டமாக வெட்டவேண்டும். முனையின் அடிப்பக்கத்தை ஒரு சாண் நீளத்திற்குச் சரிவாகச் சீவுதல் இன்றியமையாதது. அச்சரிவு இன்றேல் பலகை நீரைக் குத்திக்கொண்டு கீழிறங்கும். விளிம்புகளை நன்கு மழுக்கி, வள்ளங்களுக்குப் பூசும் எண்ணெயை இருமுறை பூசினாற் போதும். இம்மரம் விரைவில் உழுத்துப்போகுமாதலால் ஒட்டுப்பலகை வாங்குவோரும் உளர். அதன் முனையைக் கொதிநீரில் ஊறவைத்துப் பாரம் ஏற்றி வளைத்தால், சீவும் வேலை மிச்சம்.

ஏறும்பொழுது இரு கைகளும் முன்விளிம்பைப் பற்றியிருக்க, முழங்கைகள் பலகையில் ஊன்றியிருத்தல் வேண்டும். பாரம் முன்னே சாய்ந்தால் முனை மணலில் குத்தும். பின்விளிம்பு வயிற்றைப் பதம்பார்க்கும். பாரம் பின்னே தங்கினால் அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். இதனைச் சொல்லிக் கொடுத்தல் இயலாது. பத்து முறை உப்புநீர் குடித்தவனுக்கு அது தானே கைவரும்.

இனி, இப்பேச்சிற்கு என்னைத் தூண்டிய காரணத்தைக் கூறுகின்றேன். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் எமது கரையை அழித்தது. பின்னர் போர்; 2009இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணலிலே அது முடிந்தது. மக்கள் செட்டிகுளத்து முகாம்களுக்குச் சென்றனர். அங்கு இறுதி முகாம் மூடப்பட்டது 2012இல். இவ்வாண்டுகளில் வளர்ந்த கரையூர்ப் பிள்ளைகள் பலர் கடலைக் காணாமலே வளர்ந்தனர். திரும்பி வந்தபின்னும் தாய்மார் அவர்களை நீரில் இறங்க விடுவதில்லை. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும், பதினெட்டு வயதில் அப்பிள்ளை தந்தையின் படகில் ஏறத்தானே போகின்றான்? அலையை வாசிக்க அறியாமல் ஏறுவதா, அறிந்து ஏறுவதா என்பதே கேள்வி.

வாசிக்க வேண்டியவற்றுள் முதலாவது இழுப்பு நீர். வெண்ணுரையாக உடையும் அலைகளுக்கு இடையே ஓரிடம் மட்டும் உடையாது அமைதியாக இருக்கும். கலங்கிய நீர் அங்கே வெளிநோக்கி ஓடும். பழகாதவன் அவ்விடத்தையே பத்திரமானதென்று எண்ணி இறங்குவான். அகப்பட்டவன் கரையை நோக்கிப் போராடினால் களைத்து மூழ்குவான். பலகையை விடாது பற்றிக்கொண்டு, கரைக்குச் சமாந்தரமாகச் சற்றுத் தூரம் நீந்தினால் இழுப்பிலிருந்து விலகிவிடலாம். அதன்பின் அலையே அவனைக் கரைக்குக் கொண்டுவரும். மாரியில் வட்டுவாகலிலும் நாயாற்றிலும் முகத்துவாரம் வெட்டுப்பட்டு நீர் பாயும் காலத்தில், அவற்றின் அருகே எந்தப் பலகையும் உதவாது.

தொடங்குதற்கு உகந்தது வைகாசி மாதம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு விளக்கேற்றக் கடல்நீர் எடுக்கும் அக்காலத்தில் காற்று தரையிலிருந்து வீசுவதால் அலை பெரும்பாலும் தணிந்திருக்கும். முதல் நாள்களில் முழங்காலளவு நீரே போதும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் பிள்ளைக்குக் கடற்புறமாக நிற்கவேண்டும். ஆட்டம் முடிந்ததும் பலகையை நன்னீரில் அலசி நிழலில் சாத்துக. ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்ததும் அது வீட்டு வளையில் ஏறிவிடும். பங்குனி பிறக்கும்வரை அங்கேயே கிடக்கட்டும்.