லயத்துக்கு எட்டாத சொல்

ஞாயிறுதோறும் ஹற்றன் கடைத்தெருவுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகைகளின் மருத்துவப் பகுதியை நான் விடாமற் படிப்பதுண்டு. நீரிழிவு வரும், இரத்த அழுத்தம் வரும், மாரடைப்பும் வரும். முதிய ஆடவரைப் பற்றும் ஒரு புற்றுநோய் மட்டும் அத்தி பூத்தாற்போலத் தலைகாட்டும். அப்போதும் ‘முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்’ என்ற தலைப்போடு விறைப்பாக வந்து நிற்கும்.

சொல்லிற் பிழையில்லை. ‘முன்னே நிற்பது’ என்னும் கிரேக்கப் பொருளைக் கலைச்சொல் ஆக்கியோர் அப்படியே தமிழில் தந்தனர். சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர் வழியைச் சுற்றி, ஆண்களுக்கு மட்டும் அமைந்த சுரப்பி அது. ஆனால், லயத்து வாசலில் அமர்ந்து பேரன் வாசிக்கக் கேட்கும் முதிய தொழிலாளி, அச்சொல் தம் உடம்பில் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று எங்ஙனம் அறிவார்?

இந்நோய் தொடக்கத்திற் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. பின்னர் இரவில் அடிக்கடி எழ நேரலாம், சிறுநீர் தடைப்படலாம், எலும்பிற் பரவினால் இடுப்பும் முதுகும் நோகும். நுவரெலியாவின் பனியில் இரவு நாலு தரம் எழுகிறவர் குளிரைத்தான் குறை கூறுவார். முப்பது ஆண்டு குனிந்து கவ்வாத்து வெட்டியவர் முதுகு நோவைக் கத்தியின் கணக்கில் எழுதிவிடுவார். பலவேளை அவர் எண்ணம் சரியாகவும் இருக்கும். முதுமையில் இச்சுரப்பி புற்றின்றியும் பருப்பதுண்டு. பிறதேசத்துக் கட்டுரையை மொழிபெயர்த்துப் போட்டால் இந்தக் குளிரும் கவ்வாத்தும் அதில் இருக்குமா?

அமெரிக்காவில் கறுப்பின ஆடவர் இந்நோயால் இறப்பது வெள்ளையரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 1905-இல் தொடங்கிய ‘சிக்காகோ டிஃபெண்டர்’ போன்ற அவ்வினத்தாரின் பத்திரிகைகள், நோயைத் தம் மக்களின் செய்தியாகவே எழுதும் மரபுடையவை. தேவாலயத்திலும் முடிதிருத்தும் நிலையத்திலும் இந்நோயைப் பேசவைக்கும் முயற்சிகள் அங்கே உண்டு. நமக்கும் முன்னோர் இல்லாமலில்லை. 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகியவற்றை நடத்திய கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் புகுந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டவர்.

அச்சுறுத்தி எழுதுவதும் தகாது. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை உண்டு. அதன் அளவு வெறும் பருமனாலும் தொற்றாலும் கூடும். மெல்ல வளரும் கட்டியைக் கண்டு வேண்டாத சிகிச்சைக்கு ஆளாவோரும் உளர். ஆதலால் 2018-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு நிபுணர் குழு, 55 முதல் 69 வயதினர் வைத்தியருடன் கலந்து தாமே முடிவுசெய்யட்டும் என்றது. ‘எல்லோரும் உடனே சோதியுங்கள்’ என்ற கொட்டை எழுத்தில் இந்த நிதானம் ஏது?

நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் ‘பேர்’ போய்விடும் என்பதையும் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் காணவில்லை. மகளும் மருமகளும் பேத்தியும் கூடியிருக்கும் ஓரறை வீட்டில், இப்படியொரு நோவை அவர் யாரிடம் வாய்திறந்து சொல்வார்? பத்திரிகை ஒன்றைத்தான் அவர் தனியே ஒரு மூலையில் விரித்து வைத்துக்கொள்ள முடியும்.