இரண்டு பட்டியல், ஒரே திரை

ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்திப் பக்கம் மழை பிடித்தால் முதலில் போவது இணையம்தான். அதனால் சிக்னல் இருக்கும்போதே எமிஸ் தளத்திலிருந்து மாணவர் பட்டியலைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, பிறகு எக்செல்லில் நிதானமாகச் சரிபார்ப்பது என் வழக்கம். அந்தச் சரிபார்ப்பை முறையாகச் செய்ய நான் கற்றது ஒரு தவறுக்குப் பிறகுதான்.

முன்பு வேறொரு பள்ளியில் பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் வேலை என்னிடம் இருந்தது. வகுப்பில் பவித்ரா என்ற பெயரில் இரண்டு மாணவிகள். தலைப்பெழுத்து மட்டும் வேறு. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்த கோப்பு ஒன்று, எமிஸ் பட்டியல் மற்றொன்று. ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போவதற்குள் வரிசை தவறிவிட்டது. ஒருத்தியின் பிறந்த தேதியை மற்றவளுக்குப் போட்டுவிட்டேன். கையொப்பமிட வந்த அவள் அம்மா, ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர், “சார், இது எங்க பாப்பா தேதி இல்லையே” என்றார். நல்லவேளை, திருத்துவதற்கு நாள் இருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறும் தேதிதான் பின்னாளில் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வயதுச் சான்றாக நிற்கிறது.

அன்று என் நினைவாற்றலை நம்பினேன். இப்போது இரண்டு கோப்புகளையும் ஒரே திரையில் வைத்துக் கண்ணை நம்புகிறேன். முறை இதுதான்.

முதலில், இரண்டு கோப்புகளையும் சேர்க்கை எண் வாரியாக வரிசைப்படுத்துங்கள். வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தியை மட்டும் தேர்வு செய்துவிடாதீர்கள். முழு அட்டவணையையும் தேர்வு செய்ய வேண்டும். இல்லையென்றால் எண் ஒருவருக்கும் பெயர் வேறொருவருக்குமாகக் கலந்துவிடும். தலைப்பு வரி நகராமலிருக்க வியூ பட்டியலில் ஃப்ரீஸ் பேன்ஸ் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, இரண்டையும் திறந்து, வியூ பட்டியலில் ‘வியூ சைடு பை சைடு’ என்பதைச் சொடுக்குங்கள். கோப்புகள் மேலும் கீழுமாக வந்தால், ‘அரேஞ்ச் ஆல்’ சென்று ‘வெர்டிகல்’ தேர்ந்தெடுங்கள். இடமும் வலமுமாக அமையும். ‘சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்’ இயங்கினால் ஒன்றை உருட்ட மற்றதும் கூடவே நகரும். ஓரிடத்தில் பெயர்கள் பொருந்தாமல் போனால், ஒரு பட்டியலில் ஒரு மாணவர் விடுபட்டிருக்கிறார் என்று பொருள். அதைக் குறித்துக்கொண்டு, உருட்டலை நிறுத்தி, வரிகளை நேராக்கி, மீண்டும் இயக்குங்கள்.

எக்செல் 2013 முதல் ஒவ்வொரு கோப்பும் தனிச் சாளரத்தில் திறக்கிறது. ஆகவே விண்டோஸ் விசையுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தியும் திரையைப் பாதியாகப் பிரிக்கலாம். பழைய எக்செல் 2010இல் எல்லாக் கோப்புகளும் ஒரே பெரிய சாளரத்துக்குள் அடங்கும். அங்கே மேலே சொன்ன வியூ பட்டியல் வழியே நல்லது. லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்துவோருக்கும் கோப்புகள் தனித்தனிச் சாளரங்களில்தான் வரும். திரையைப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றையும் தனியே உருட்டிக்கொள்ளலாம்.

ஒரே கோப்பில் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்கள் இரண்டு தாள்களில் இருந்தால், ‘நியூ விண்டோ’ கொடுங்கள். கோப்பின் பெயரோடு 1, 2 என எண் சேர்ந்து இரண்டு சாளரங்கள் வரும். இது நகல் அன்று. ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதிலும் ஏறும்.

இப்படிப் பக்கத்தில் வைத்தபோதுதான் இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 05/06/2009 என்று நாம் தட்டுவதை எக்செல் மே 6 என்று எடுத்துக்கொள்கிறது. 25/06/2009 என்று தட்டினால், 25ஆவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. தேதி கட்டத்தின் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் சில இடமும் சில வலமுமாக நின்றால் எச்சரிக்கை! மாதத்தைப் பெயராகக் காட்டும் வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தால் பிழை வெளியே வந்துவிடும். கணினியில் இந்தியத் தேதி அமைப்பை வைத்துவிட்டு, தவறானவற்றைப் பதிவேட்டைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்யுங்கள்.

“சூத்திரம் போட்டால் நொடியில் முடியுமே” என்று கேட்கலாம். எண்களுக்கு அது சரி. ஆனால் ‘மு. பவித்ரா’, ‘பவித்ரா மு’ இரண்டும் ஒருவரே என்று சூத்திரத்துக்குத் தெரியாது, வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இரண்டு கோப்புகளும் ஒத்துப்போவதாலேயே இரண்டும் சரி என்றாகிவிடாது. அதனால் முடிவில் சக ஆசிரியர் ஒருவர் பதிவேட்டிலிருந்து உரக்கப் படிக்க, நான் திரையில் டிக் செய்கிறேன். பிறகு பெற்றோரிடமும் காட்டுகிறேன். அன்று பிழையைப் பிடித்தது கணினி அல்ல, அந்த அம்மாதான்.