நெப்பந்தேலிஸ் துறை எங்கே போனது?



பழைய நூல் ஒன்றில் குடுவைத் தாவரத்தின் துறை 'நெப்பந்தேலிஸ்' என்று இருக்கும். புதிய நூலில் 'காரியோஃபில்லேலிஸ்' என்று இருக்கும். மாணவர் இரண்டையும் கொண்டுவந்து, "எது சரி, டீச்சர்?" என்று கேட்டால் என்ன சொல்வது? காரணம் தெரியாமல் ஒன்றைத் தப்பு என்று அடித்துவிடக் கூடாது. வாங்க, பார்ப்போம்.

நம் ஊர்ச் செடி

சிம்பாங் அம்பாட்டிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகத் தீவுக்குப் போய், பினாங்கு கொடிமலை ஏறினால் நெப்பந்தஸ் செடியைக் காணலாம். மலாயில் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை. இலை நுனியிலிருந்து நீளும் பற்றுக்கம்பியின் முனையில் குடுவை தொங்கும். மண்ணில் நைட்ரஜன் குறைவு. அதைப் பூச்சிகளிடமிருந்து பெறுகிறது. கொடிமலையில் வளரும் நெப்பந்தஸ் அல்போமார்ஜினாட்டாவின் குடுவை வாய்க்குக் கீழே வெள்ளை வளையம் உண்டு. அதைத் தின்ன வரும் கறையான்கள் கூட்டமாக உள்ளே விழும்.

பழைய துறை

அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் குரோன்குவிஸ்ட் 1981இல் வெளியிட்ட வகைப்பாட்டில், நெப்பந்தேலிஸ் துறையில் மூன்று குடும்பங்கள் இருந்தன:

1. நெப்பந்தேசி – நம் குடுவைத் தாவரம்
2. டிரோசரேசி – ஒட்டும் தூவிகளால் பூச்சி பிடிக்கும் டிரோசரா
3. சாரசீனியேசி – அமெரிக்கக் கண்டத்துக் குடுவைத் தாவரங்கள்

மூன்றுமே பூச்சி உண்பவை. ஒரே துறை என்று நினைத்ததில் வியப்பில்லை.

எங்கே இடித்தது?

சாரசீனியாவில் பற்றுக்கம்பி கிடையாது; முழு இலையே குழாயாகித் தரையிலிருந்து எழும். பூவையும் பாருங்க. நெப்பந்தஸில் அல்லி இதழ் இல்லை. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிச் செடிகளில் இருக்கும். சாரசீனியாவில் ஐந்து அல்லி இதழ்கள். ஒரே பூவில் இரு பாலும் உண்டு.

1992இல் பசுங்கணிக மரபணுவை ஒப்பிட்டபோது விஷயம் தெளிவானது: நெப்பந்தஸும் டிரோசராவும் உறவினர்கள், சாரசீனியா தூரத்து ஆள். 1998இல் வந்த ஏ.பி.ஜி. வகைப்பாட்டில் நெப்பந்தேலிஸ் துறையே இல்லை. இன்றைய நிலை இதுதான்:

- நெப்பந்தேசி, டிரோசரேசி → காரியோஃபில்லேலிஸ் (முளைக்கீரை, கள்ளி, டிராகன் பழம் இருக்கும் துறை)
- சாரசீனியேசி → எரிக்கேலிஸ் (தேயிலை, சிக்கு, காசித்தும்பை இருக்கும் துறை)

அப்படின்னா, நம் குடுவைச் செடிக்கு அமெரிக்கக் குடுவையைவிடக் கீரைதான் நெருங்கிய சொந்தம்! தொடர்பில்லாத இரு குலங்கள் ஒரே தேவைக்காக ஒரே மாதிரி உருவம் பெறுவதைக் குவி பரிணாமம் என்கிறோம். சுறாவும் டால்பினும் மாதிரி.

தேர்வுக்கு

- கலைந்தது துறை மட்டுமே. நெப்பந்தேசி குடும்பமும் நெப்பந்தஸ் பேரினமும் அப்படியே உள்ளன.
- 'குரோன்குவிஸ்ட் முறைப்படி' என்று கேட்டால் நெப்பந்தேலிஸ் சரியே. ஏ.பி.ஜி. முறை என்றால் காரியோஃபில்லேலிஸ். எந்த முறை என்று விடையிலும் குறிப்பிடுங்கள்.
- 'ஏன் மாறியது?' என்ற கேள்விக்கு: தோற்ற ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது, மரபணுச் சான்று உறவைக் காட்டியது.

ஆசிரியர்களே, வகுப்பில் முதலில் மூன்று செடிகளின் பொறிப் படங்களை மட்டும் காட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு பூக்களின் படங்களைக் கொடுங்கள். மாணவர்கள் தங்கள் விடையைத் தாங்களே திருத்துவார்கள். வகைப்பாடு மாறுவதன் காரணம் அப்போது அவர்களுக்கே புரிந்துவிடும்.