ஆழம் குறைந்தது, மவுசு கூடியது

2022-இல் இரண்டு டைவ் வாட்சுகள் வந்தன. இரண்டுமே ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் தொடங்கிய நிறுவனங்களின் தயாரிப்பு. ரோலெக்ஸின் ‘டீப்சீ சேலஞ்ச்’ 11,000 மீட்டர் ஆழம் தாங்கும். உலகின் எந்தக் கடலிலும் அடித்தரை வரைக்கும் அது போகும். கட்டியிருக்கும் ஆள்தான் போக முடியாது. டூடரின் ‘பெலகோஸ் 39’ தாங்குவது 200 மீட்டர் மட்டுமே. இத்தனைக்கும் பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த பழைய பெலகோஸ் 500 மீட்டர் தாங்கியது. வாட்ச் சேகரிப்பவர்களில் பலர் கொண்டாடியது அந்த 200 மீட்டர் வாட்சைத்தான்.

காரணம் தடிமன். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். அதைத் தாங்கக் கண்ணாடியும் பின்மூடியும் பருத்துக்கொண்டே போக வேண்டும். டீப்சீ சேலஞ்சின் கண்ணாடி மட்டும் 9.5 மி.மீ. வாட்சின் மொத்தத் தடிமன் 23 மி.மீ., அகலம் 50 மி.மீ. சட்டைக் கை அதன்மேல் இறங்கவே இறங்காது. பெலகோஸ் 39-இன் தடிமன் 12 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. டைட்டானியம் என்பதால் கையில் கனமும் தெரியாது.

டூடர் கழற்றி வைத்த இன்னொன்று ஹீலியம் வால்வு. கடலடிப் பணியில் சிலர் நாள்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே தங்குவார்கள். அங்கே சுவாசக் காற்றில் ஹீலியம் கலந்திருக்கும். அதன் அணு மிகச் சிறியது, ரப்பர் வாஷரைத் தாண்டி வாட்சுக்குள் புகுந்துவிடும். பணி முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட வாயு கண்ணாடியையே பிடுங்கி எறியும். அதை வெளியேற்றத்தான் 1960-களின் கடைசியில் ரோலெக்ஸ் சீ-ட்வெல்லரில் வால்வு வந்தது. கவனியுங்கள், அதற்கு வேலை தண்ணீருக்குள் அல்ல, உலர்ந்த அறைக்குள். அலுவலகத்துக்குக் கட்டிப் போகிறவருக்கு அது வெறும் அலங்காரம்.

டைவ் வாட்ச் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 6425 என்ற தரவிதி இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். கும்மிருட்டில் 25 செ.மீ. தள்ளி வைத்தாலும் நேரம் தெரிய வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது வியர்வைச் சோதனை. வாட்சைச் சூடேற்றி, கண்ணாடிமேல் குளிர்ந்த நீர்த்துளி ஒன்றை விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கும்போது உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் வாட்ச் தோற்றது. (சாதாரண வாட்சில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பிக் கிணற்றில் குதித்துவிடாதீர்கள். பாத்திரம் தேய்க்கலாம், அவ்வளவுதான்.)

டயலைச் சுற்றியுள்ள வளையம் ஒரு பக்கம் மட்டுமே சுழலும். இறங்கும்போது அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், எத்தனை நிமிடம் போயிற்று என்று பிறகு பார்த்ததும் தெரியும். பாறையில் இடித்து வளையம் நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். முக்குளிப்பவர் சீக்கிரம் மேலே வருவார். காற்றுத் தீர்ந்து திண்டாட மாட்டார். புது வாட்ச் கைக்கு வந்ததும் சேகரிப்பவர்கள் முதலில் சோதிப்பது இந்த வளையத்தைத்தான்: டக் டக்கென்று அழுத்தமாக நிற்கிறதா, பின்னோக்கி ஆட்டம் இருக்கிறதா, முக்கோணம் 12-க்கு நேரே உட்காருகிறதா. அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் பொருமுவார்கள். அதற்கடுத்து விளக்கை அணைத்துவிட்டு, முட்கள் எப்படி ஒளிர்கின்றன என்று பார்ப்பார்கள்.

பெலகோஸ் 39-க்கும் குறை சொன்னார்கள். கடலுக்கான கருவிக்கு டயலும் வளையமும் ஏன் இப்படி மின்ன வேண்டும், பழையதுபோல் மங்கலாகவே விட்டிருக்கலாமே என்பது வாதம். எனக்கும் அந்த மினுமினுப்பு உவப்பில்லை.

ஆழத்தைக் குறைத்த எல்லோருக்கும் பாராட்டு கிடைத்துவிடவில்லை. சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007 குறைந்த விலையில் நிஜமான 200 மீட்டர் டைவ் வாட்ச். 2019-இல் அதே முகத்தோடு சீக்கோ 5 வரிசையில் புதியவை வந்தன. இயந்திரம் மேம்பட்டது, சாவியைத் திருகிக் கையாலும் முறுக்கலாம். ஆனால் தாங்கும் ஆழம் 100 மீட்டர் ஆனது, சாவியை இறுக்கி மூடும் திருகுமறையும் போனது. தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளுரத்தைக் கழற்றிவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். பெலகோஸில் குறைந்தது யாருக்கும் தேவைப்படாத ஆழம். இங்கே போனது வாட்சின் காப்பு. கோபத்தில் நியாயம் உண்டு.

இந்த வாட்சுகளைக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆழ்கடலைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களும் இன்று கையில் டைவ் கம்ப்யூட்டர் கட்டித்தான் இறங்குகிறார்கள். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர்தான். ஆனாலும் எண் மீதான மோகம் சும்மா விடுமா? 2025-இல் அதே டூடர் 1,000 மீட்டர் தாங்கும் ‘பெலகோஸ் அல்ட்ரா’வைக் கொண்டுவந்தது. அகலம் 43 மி.மீ. கழற்றிய ஹீலியம் வால்வும் திரும்பி வந்துவிட்டது.