சித்தப்பா, நான் ஷார்ஜா போறேன்!

போன வாரம் ஆரணிக்குப் போயிருந்தேன். பையை வைப்பதற்குள் அண்ணன் பையன் ஓடி வந்தான்.

"சித்தப்பா, ஷார்ஜா போறேன்! எழுபதாயிரம் கட்டியாச்சு!"

"என்ன விசா?"

"விசிட் விசாதான். போய் மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்லிட்டார்."

குடித்த காபி தொண்டையிலேயே நின்றது. 1996-ல் இதே திண்ணையில் இதே டயலாக்கைப் பேசியவன் நான்!

எங்க வீட்டில் பட்டுத்தறி. அப்பாவின் தறிக்குழியில் இறங்க மனசில்லாமல், அம்மாவின் மூணு சவரன் செயினை அடகு வைத்துக் கிளம்பினேன். 'ஏசி ரூமில் வேலை' என்றார்கள். ஏசி இருந்தது வாஸ்தவம்... மீன் பெட்டி அடுக்குகிற குளிர் கிடங்கில்! முதல் நாளே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொன்ன சம்பளத்தில் பாதிதான் கைக்கு வந்தது. வட்டி கட்ட முடியாமல் செயின் ஏலத்துக்குப் போனது. அம்மா கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. ரெண்டு வருஷம் கழித்து மீனம்பாக்கத்தில் வெறும் மஞ்சக்கயிறோடு நின்றபோதுதான் தெரிந்தது.

பையனை உட்கார வைத்தேன்.

"விசிட் விசாவில் வேலை பார்ப்பது அந்த ஊர் சட்டப்படி குற்றம்டா. மாட்டினா உனக்கும் அபராதம். வேலைக்கான விசா வந்தப்புறம் விமானம் ஏறு. ஏஜென்ட்டுக்கு மத்திய அரசு லைசென்ஸ் இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்தில் பாரு. லைசென்ஸ் உள்ளவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோட. நீ கட்டினது எழுபது!"

பயல் எச்சில் விழுங்கினான்.

"பத்தாவது தாண்டாதவங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர் முத்திரை இருக்கும். வளைகுடாவுக்குப் போகணும்னா குடியேற்ற அதிகாரி ஒப்புதல் தரணும், 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் எடுக்கணும். நீ பி.காம். உனக்கு அந்தக் காவல் கிடையாது. ஒப்பந்தத்தை நீயேதான் படிக்கணும். அங்கே வேலைக் கடிதத்தைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். 'பேசிக்' எவ்வளவுன்னு முதல்ல பாரு."

"மொத்தம் 3,000 திர்ஹாம் சித்தப்பா!"

"அதில் பேசிக் 1,200-ன்னு போட்டிருந்தா? கிராஜுவிட்டி பேசிக் மேலதான். ஒரு வருஷம் முடிஞ்சா, முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷா வருஷம் 21 நாள் கணக்கு. 1,200-ன்னா வருஷத்துக்கு 840 திர்ஹாம், 1,800-ன்னா 1,260. பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடிச்சு வைக்கக்கூடாது, விசா செலவை உன் தலையில் கட்டவும் கூடாது. 2021-ல் வந்த சட்டத்திலேயே இருக்கு. போனதும் இங்கே இருக்கிற சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓ ஆக்கு. அனுப்புற பணத்துக்குத் தனியா என்ஆர்இ கணக்கு தொடங்கு. அந்த வட்டிக்கு இங்கே வரி இல்லை."

உடனே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான். "லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க சார்..."

"என்ன தம்பி, கோர்ட்டுல நிக்க வச்சுக் கேக்கறே?"

லைன் கட். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். எழுபதாயிரத்துக்கு மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் போனோம். புகார் கொடுத்திருக்கிறோம், பார்க்கலாம்.

உள்ளே அப்பா புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். ஒரு இழை விட்டுப்போனாலும் புடவை முழுக்கக் கோடு விழும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பவர். அந்தப் பொறுமை எனக்கு அன்றைக்கு இல்லை.

நாலு வருஷம் கழித்து அம்மாவுக்குப் புதுச் செயின் வாங்கித் தந்தேன். சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு, ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க.

"பழசு எங்கப்பா போட்டதுடா."